உங்கள் தங்கை வடதுருவத்துக்கு வள்ளம் வலிக்கப் போகிறாள்

சீசா, பலெர்மோ, இத்தாலி
சித்திரை வருசப்பிறப்பு கழிந்த ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்புக்குரிய பெரிய மச்சான் விமலராஜ் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருசன் சிறீஸ்கந்தராசா பணிவுடன் எழுதிக்கொள்வது. நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் மாமாங்கேஸ்வரர் அருளால் தேக சுகத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் எல்லோரும் சுகம். உங்கள் தங்கை மட்டும் அளவுக்கு மிஞ்சிய சுகம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் இரண்டே அறை. ஓர் அறையில் இருமினால் மற்ற அறையிலிருந்து "தண்ணி குடியுங்கோ" என்று குரல் வரும். வட்சப்பில் எழுதினால் உங்கள் வீட்டில் உங்களைத் தவிர மற்ற எல்லோரும் முதலில் வாசித்துவிடுவார்கள். அதோடு நீங்கள் தலைமை ஆசிரியராக இருந்தவர். எதையும் தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைத்தால்தான் உங்களுக்கு அது விசயம். எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்தி அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்ப வேண்டாம்.

விசயத்துக்கு வருகிறேன். வருகிற ஆடி மாதம் உங்கள் தங்கை தங்கேஸ்வரி, நோர்வே நாட்டின் வடக்கு முனையிலிருந்து சுவால்பார்ட் என்கிற பனித் தீவுக்கு, பாய் இல்லாமல், எஞ்சின் இல்லாமல், துடுப்பை மட்டும் நம்பி, வேறு நான்கு பெண்களோடு வள்ளம் வலித்துப் போகப் போகிறாள். சரியாகத்தான் வாசித்தீர்கள், கண்ணாடியைத் துடைக்க வேண்டாம். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் மட்டும் சேர்ந்து அந்தக் கடலைக் கடந்தால் அது உலக சாதனையாம். இதுவரை யாரும் செய்யவில்லையாம். ஏன் செய்யவில்லை என்று அவர்களில் ஒருவராவது யோசித்தார்களா என்று எனக்குத் தெரியாது. உங்கள் தங்கை இந்த உலகத்தில் ஒரே ஒருவர் சொல்லுக்குத்தான் அடங்குவாள், அது நீங்கள். ஆகையால் "போகக் கூடாது" என்று நீங்கள் அவளுக்கு ஒரு கண்டிப்பான உத்தரவு போட வேண்டும். இதற்காகத்தான் உங்கள் காலைப் பிடிக்கிறேன்.

இது எப்படித் தொடங்கியது என்றால், பழி முழுவதையும் சீனி வருத்தத்தின் மேல்தான் போட வேண்டும். இங்கே எங்களுக்கு ஒரு பெண் வைத்தியர் இருந்தார், டொத்தொரேஸா என்று கூப்பிடுவோம், நெட்டையான மனுசி, இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அவர் எங்கள் இரண்டு பேருடைய இரத்தத்தையும் சோதித்துப் பார்த்துவிட்டு, உடம்பை அசைக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும்தான் சொன்னார். நான் சரி என்று தலையை அசைத்தேன். உங்கள் தங்கை முழு உடம்பையும் அசைக்கக் கிளம்பிவிட்டாள். அந்த டொத்தொரேஸாவே மொண்டெல்லோக் கடலில் பெண்களைச் சேர்த்து வள்ளம் வலிக்கிறவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒருநாள் வந்து பார் என்று இவளைக் கூட்டிக்கொண்டு போனார். வாவிக்கரையில் பிறந்தவளை வள்ளத்தில் ஏற்றினால் அவள் லேசில் இறங்குவாளா? அந்தக் குழுவில் மிரேய் என்று ஒரு மொரீசியஸ்காரி இருக்கிறாள், இவளைப் போலவே வீடுகளில் வேலை செய்கிறவள். பூட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பம். தமிழ் பேச வராது, ஆனால் காவடியில் கேட்டுப் பாடமான "அரோகரா" மட்டும் வரும். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் துடுப்பை இழுக்க ஒரு சத்தம் வேண்டுமென்று இந்த இரண்டு பேரும் சேர்ந்து அதையே மற்றவர்களுக்கும் பழக்கிவிட்டார்கள். இப்போது டொத்தொரேஸா உட்பட மூன்று சிசிலிப் பெண்கள் மொண்டெல்லோவில் "அரோ" என்று குனிந்து "கரா" என்று நிமிர்கிறார்கள். கரையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நிற்கும் எங்கள் சனம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது.

சரி, இதுவரைக்கும் நல்லதுதான் என்று நானும் சும்மா இருந்தேன். பிறகு சாப்பாடு தொடங்கியது. வடக்குக் கடலின் குளிரும் அந்த வேலையும் உடம்பை உருக்கிவிடுமாம், ஆகவே புறப்படுமுன் நிறை கூட்ட வேண்டுமாம். சீனி ஏறாமல் நிறை மட்டும் ஏற வேண்டும் என்று டொத்தொரேஸா முட்டை, மீன், கச்சான் கடலை என்று அடுக்கி எழுதிக் கொடுத்தார். இவள் எந்த நேரமும் எதையாவது மென்றுகொண்டே திரிந்தாள், வயிறும் கன்னமும் திரண்டுவிட்டன. எங்கள் ஆட்களுக்கு இதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் தெரியும். கடைக்காரி மாக்கிரட் அக்கா ஒருநாள் மிளகு, மஞ்சள், உள்ளி எல்லாம் போட்டுச் சரக்குத் தூள் இடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்து, "பிள்ளை பிறந்தாப் பிறகு இடிக்க ஆர் இருக்கினம்? இப்பவே வைச்சிரு" என்று கொடுத்துவிட்டுப் போனார். கோயிலில் ஆண்கள் வந்து எனக்குக் கை கொடுத்தார்கள். எனக்கு வயது ஐம்பத்தெட்டு, மச்சான். மறுத்திருக்கத்தான் வேண்டும், ஆனால் இந்த ஊரில் யாரும் என்னை அவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை என்பதால் ஒரு கிழமை பொறுத்துத்தான் மறுத்தேன்.

அதற்குப் பிறகு குளிர். நான் மொண்டெல்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். அங்கே மீன் பெட்டிகளை அடுக்கும் பெரிய ஃப்ரீசர் அறை ஒன்று இருக்கிறது. உடம்பைக் குளிருக்குப் பழக்க வேண்டும், கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினாள். நானும் பாவம் என்று விட்டேன். அந்த நேரம் பார்த்து முதலாளி வாள்மீன் எடுக்க வந்து கதவைத் திறந்திருக்கிறார். உள்ளே கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, கணவாய்ப் பெட்டி மேல் இருந்து, இல்லாத துடுப்பை வலித்தபடி அரோகரா சொல்லிக்கொண்டு ஒரு பெண். "மதோன்னா!" என்று கத்திக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் மெதுவாக வந்து, "சிறீ, உன் மனைவி ஃப்ரீசருக்குள் இருக்கிறாள்" என்றார். "தெரியும்" என்றேன். வேறு என்ன சொல்வது?

சிரிப்பாகத்தான் எழுதுகிறேன், ஆனால் சிரிப்பு வரவில்லை. மொண்டெல்லோ என்றால் எனக்கு இந்த ஃப்ரீசரோ சாதனையோ ஞாபகம் வருவதில்லை. சண்டை முடிந்து நாங்கள் இங்கே வந்த முதல் கோடைதான் ஞாபகம் வருகிறது. சீசாவில் ஒரே அறைக்குள் நடுவில் சேலையைக் கட்டி, இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேரும் கைக்குழந்தை பிரேமினியும், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பமும் இருந்தோம். ஒரு சொல் கதைக்க வேண்டுமென்றாலும் வெளியே போக வேண்டும். எனக்கு அப்போது கடற்கரையில் குடை விரித்துக் கதிரை அடுக்கும் வேலை. அந்தி சாய்ந்து சனம் கலைந்த பிறகு, இவள் பிள்ளையைச் சேலைக்கு அந்தப் பக்கத்துக் குடும்பத்திடம் விட்டுவிட்டு, சோற்றுப் பார்சலோடு பஸ்ஸில் வந்து இறங்குவாள். உயிர்காப்பாளர்கள் வைத்திருக்கும் பத்தீனோ என்ற சிவப்பு வள்ளத்தை, இரண்டு மிதவையும் நடுவில் ஒரு பலகையும்தான், கரைக்கு இழுத்துப் பூட்டுவது என் பொறுப்பு. பூட்டுமுன் ஒரு சுற்றுப் போய்வருவோம் என்பாள்.

நான் வன்னி வயல்காரன். குளத்தில்கூட முழங்காலுக்கு மேல் இறங்காதவன். பலகையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு இருப்பேன். "கண்ணைத் திறவுங்கோ, நான் இருக்கிறன் தானே" என்பாள். திறந்தால் கரை தூரத்தில் தெரியும், மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருக்கும், எங்களைச் சுற்றி ஒருவரும் இருக்க மாட்டார்கள். அவளுடைய இரண்டு கையும் துடுப்பில். ஆகவே நான்தான் பார்சலைப் பிரித்து, சோற்றைக் குழைத்து, அவள் பின்னுக்குச் சாய்ந்து முன்னுக்கு வருகிற நேரம் பார்த்து வாயில் வைப்பேன். கொஞ்சம் பிந்தினால் மூக்கில் அப்பிவிடும். அவ்வளவு சிரிப்போம். பிறகு தனி வீடு வந்தது, நல்ல வேலை வந்தது, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியும் நீண்ட காலத்துக்கு வந்தது. அதன் பிறகு அந்த வள்ளத்தில் நாங்கள் ஏறவே இல்லை. ஏன் ஏறவில்லை என்று எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன், ஒரு காரணமும் அகப்படவில்லை. அந்தக் காலத்தில் அவள் என்னை மட்டும்தான் ஏற்றி வலித்தாள்.

போன மாதம் பிரான்காச்சோவில் ஒரு பட்டறையில் அவர்களின் வள்ளத்தைத் தயார் செய்கிறார்கள் என்று என்னையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். படுக்கும் இடம் என்று காட்டினார்கள். எங்கள் அலுமாரியைச் சரித்து வைத்தால் அதைவிடத் தாராளமாக இருக்கும். இரண்டு மணித்தியாலம் வலிப்பதாம், இரண்டு மணித்தியாலம் படுப்பதாம், போய்ச் சேரும்வரை இப்படியேயாம். கக்கூஸ் எங்கே என்று கேட்டேன். டொத்தொரேஸா மிகவும் பெருமையோடு ஒரு வாளியைக் காட்டினார். கரைக்குப் போனால் வெள்ளைக் கரடி நிற்குமே என்றேன். சத்த வெடி கொண்டுபோகிறோம் என்றார். வீட்டுக்கு வந்து பிரேமினியிடம் முறையிட்டேன். அவள் இங்கே வளர்ந்த பிள்ளை, பாதி இத்தாலியனில் வெடித்தாள்.

"பஸ்தா, போதும் அப்பா! அம்மா என்ன, சந்திரனுக்கோ போறா?"

"சந்திரனிலை கரடி இல்லைப் பிள்ளை" என்றேன்.

கடைசி ஆயுதமாகக் கோயில் ஐயரிடம் போனேன். ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் சரியில்லை என்று ஒரு சொல் சொன்னால் தங்கேஸ்வரி நிச்சயம் யோசிப்பாள் என்று கணக்குப் போட்டேன். அந்தப் பக்கத்தில் ஆடியில் சூரியன் மறைவதே இல்லை என்ற தகவலையும் நானே அவரிடம் பயங்கரமாகச் சொல்லி வைத்தேன், பயப்படட்டும் என்று. ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார், போனைத் தட்டிப் பார்த்தார், மூக்கில் விரலை வைத்தார்.

"இராகு காலத்தைச் சூரிய உதயத்திலை இருந்தெல்லோ எண்ணுறது. உதயமும் இல்லை, அஸ்தமனமும் இல்லையெண்டால் இராகு எங்காலை வாறது?"

"அப்ப எமகண்டம், ஐயா?"

"அதுவும் இல்லை. இவ்வளவு நல்ல நேரம் உள்ள இடத்தை நான் என்ரை வாழ்க்கையிலை காணேல்லை. எந்த நேரமும் வெளிக்கிடலாம்."

"அட்டமி, நவமி?"

"அது சந்திரன்ரை அலுவல். அதை நான் பாத்துக்கொள்ளுறன், நீங்கள் யோசியாதேங்கோ" என்று சொல்லி, ஐந்து பெண்களுக்கும் கையில் கட்ட நூல் வேறு மந்திரித்துத் தந்துவிட்டார். பிணக்குக்குச் சாட்சி தேடிப் போய், எதிராளிக்குச் சாட்சி பிடித்துக் கொடுத்த கதையாகிவிட்டது. அந்த நூலைக் கண்டதும் தங்கேஸ்வரி என்னைக் கட்டிப்பிடித்து, "நீங்கள் சம்மதிப்பீங்கள் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். நான் என்ன செய்வேன்?

ஆகவே மச்சான், இனி உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை. எனக்குச் சமைக்கத் தெரியும், உடுப்புத் தோய்க்கத் தெரியும், விசா அலுவலுக்குக் கொஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் போய் வரிசையில் நிற்கத் தெரியும். அவள் வீட்டில் இல்லாத ஒரு பின்னேரத்தை எப்படிக் கழிப்பது என்று மட்டும் தெரியாது. அந்தக் கடல் அவளைத் திருப்பித் தராவிட்டால் நான் எந்தக் கரையில் போய் நிற்பது? உங்கள் உத்தரவு ஆடிக்கு முன்னால் வந்து சேர வேண்டும்.

மச்சாளுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு எங்கள் அன்பையும் சொல்லுங்கள். உங்கள் முழங்கால் நோ மாறி, நீங்கள் நீண்ட ஆயுளோடு எங்களை அதட்டிக்கொண்டிருக்க எல்லாத் தெய்வங்களும் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லையே நம்பியிருக்கும் மைத்துனர்
சிறீஸ்கந்தராசா

பி.கு.: இதை உறையில் போட்டு ஒட்டப் போகிற நேரம் தங்கேஸ்வரி வேலையால் வந்துவிட்டாள். கையில் பேனாவைக் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"அண்ணாவுக்கோ?"

"ஓம்."

"என்னைப் போக விடாதேங்கோ எண்டோ?"

பேனாவை மூடி வைத்தேன். பக்கத்தில் வந்து இருந்தாள். "உங்களுக்கு அவ்வளவு பயமா இருக்கோ?" என்று கேட்டாள். குளிர் என்று சொல்லியிருக்கலாம், கரடி என்று சொல்லியிருக்கலாம். "நீ இல்லாமல் எனக்கு இருக்கத் தெரியாது" என்றுதான் வாயில் வந்தது. "இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்று சொல்லி, போனை எடுத்து, தான் வரவில்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்று டொத்தொரேஸாவிடம் சொல்லிவிட்டாள். சண்டை இல்லை, அழுகை இல்லை, ஒரு பாத்திரம்கூட உடையவில்லை.

அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன். அது நடந்து நான்கு நாள் ஆகிறது. கம்பளி உடுப்பை மடித்து மேலே போட்டுவிட்டாள். கச்சான் டப்பாவைத் தொடுகிறாள் இல்லை. இன்று காலையில் என்னிடம், என்ன சமைக்கட்டும் என்று கேட்டாள். கல்யாணம் செய்த நாளிலிருந்து அவள் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை, மச்சான். முதல் தடவையாக என் பேச்சைக் கேட்டிருக்கிறாள், அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஆகையால் மேலே எழுதியது ஒன்றும் வேண்டாம். கிழித்திருக்கலாம், ஆனால் இவ்வளவு நீளமாக நான் இதற்கு முன் எழுதியதில்லை, மனம் வரவில்லை. போனில் சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்பீர்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே உறையில் அனுப்புகிறேன். டொத்தொரேஸா வீட்டுக்கு நானே போய்க் கேட்டேன், உங்கள் பதில் வரும்வரை இடத்தை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று சொல்லியிருக்கிறார். கடிதம் கிடைத்தவுடன் அவளுக்குப் போன் எடுத்து, போய்த்தான் ஆக வேண்டும் என்று கண்டிப்பாக உத்தரவு போடுங்கள். நானும் விடியற்காலையிலிருந்து போ, போ என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். வழக்கம்போல என் பேச்சைக் கேட்கிறாள் இல்லை.