வீடு காலியாக இருக்கிறது

"இவ்வளவு நல்ல வீடு ஏன் சும்மா கிடக்கு?" என்று வீடு பார்க்க வந்தவர் கேட்டார்.

வீட்டுக்காரரான ஓவர்சியர், வேலையில் இருந்தபோதும் பொய் சொல்லிப் பழகாதவர். "இருந்தவர் தவறிட்டார்," என்றார்.

"ஆஸ்பத்திரியிலயா?"

"இல்லைங்க. இதோ, இந்த நாற்காலியில."

வந்தவர் நாற்காலியின் கைப்பிடியிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டார். அவர் மனைவி அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள். "சமையலறை ரொம்பச் சின்னதா இருக்கு," என்று சொல்லிவிட்டு இருவரும் போனார்கள். சமையலறைப் பக்கம் அவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பணி ஓய்வில் வந்ததையெல்லாம் கொட்டி வாங்கிய வீடு அது. ஓவர்சியரும் மனைவியும் நகரத்தின் மறுகோடியில் மகள் வீட்டு மாடியறையில் இருந்தார்கள். இந்த வாடகை வந்தவரை அவர் மருமகன் எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார். இப்போது குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தார்.

யோசனை சொல்ல மைத்துனர் இருந்தார். மூன்று வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பதால் குடும்பத்தில் அவருக்கு 'மூணு வீட்டு மச்சான்' என்று பெயர்.

"உங்களை யாரு உண்மையைச் சொல்லச் சொன்னா மாமா? வெள்ளையடிச்சு, 'இப்பத்தான் சுத்தம் பண்ணினோம்'னு சொல்லுங்க. சுவர் பளிச்சுனு இருந்தா யாரும் பழங்கதை கேக்க மாட்டாங்க."

கூலிக்கு ஆள் வைக்க மனம் வராமல் ஓவர்சியரே அடித்தார். நாற்காலிக்குப் பின்னால், இறந்தவர் எட்டு வருடம் தலை சாய்த்த இடத்தில், எண்ணெய்க் கறை ஒன்று இருந்தது. அதன்மேல் எத்தனை பூச்சு பூசினாலும் மறுநாள் எட்டிப் பார்த்தது. சுற்றிலும் வெள்ளையாகிவிட்டதால் இப்போது அது ஒரு தலை என்று தெளிவாகவே தெரிந்தது.

கையோடு வாசல் கதவுக்கும் சாயம் பூசினார். அன்று பிடித்த மழை விடவில்லை. கதவு ஊறி, உப்பி, சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. இழுத்ததில் கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. அதன்பிறகு பின்சந்து வழியாகத்தான் போக்குவரத்து.

"கறை தெரியுது, கதவு திறக்கல, என்ன செய்ய?" என்று மச்சானுக்குப் போன் செய்தார்.

"பூட்டியே கிடந்தா வீட்டுல வதந்திதான் குடியேறும் மாமா. நீங்களே போய்க் கொஞ்ச நாள் இருங்க. நாற்காலியைச் சுவரோட ஒட்டிப் போட்டு உக்காருங்க, கறை மறைஞ்சிடும். ஜன்னலைத் திறந்து வச்சு விளக்கைப் போடுங்க. மனுஷ நடமாட்டம் தெரிஞ்சா ஜனங்க தானா வருவாங்க."

மருமகனோடு சாப்பிட உட்காரும் வேளை தப்பியது என்பதாலேயே ஓவர்சியர் ஒப்புக்கொண்டார். மனைவி கட்டிக் கொடுத்த சோற்றோடு குடியேறினார்.

ஈரமும் குளிருமாக இருந்தது. கொண்டுபோன துணிகள் காயவில்லை. இறந்தவரின் பொருள்களை எடுத்துப்போக யாரும் வரவில்லை. தூரத்து உறவினர் ஒருவர் வந்து உடலை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருந்தார். கொடியில் ஒரு பழுப்பு ஸ்வெட்டர் தொங்கியது. நடுக்கம் தாங்காமல் ஓவர்சியர் அதை எடுத்துப் போட்டுக்கொண்டார். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். அந்த மனிதர் எட்டு வருடமாகப் பார்த்ததும் இதைத்தான். எதிரே இஸ்திரி வண்டி, மழையில் நனையும் மின்கம்பம், எங்கேயோ அவசரமாகப் போகிறவர்கள். வாடகை மாதம் தவறாமல் வங்கிக்கு வந்ததால் ஓவர்சியர் இந்தப் பக்கமே வந்ததில்லை. அவர் இறந்த சமயத்தில் இவர் கண் அறுவைக்குப் படுத்திருந்தார். மச்சான்தான் வந்து பூட்டிக்கொண்டு போனார். அந்த மனிதருக்குக் காப்பி பிடிக்குமா என்றுகூடத் தெரியாது.

ஆனால் தெருக்காரர்கள் தங்கமானவர்கள். இஸ்திரிக்காரர் இவரைப் பார்த்த முதல் நாளே பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டார். போகிறவர்கள் ஜன்னலைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒரு பெண்மணி ஜன்னல் விளிம்பில் சுடச்சுடச் சோறும் குழம்பும் வைத்துவிட்டு, இவர் நன்றி சொல்வதற்குள் ஓடியே போனாள்.

"வீட்டுக்காரன்னா இங்க தனி மரியாதை," என்று மனைவியிடம் போனில் பெருமைப்பட்டார். "வீடு கேட்டுத்தான் ஒரு ஈ காக்கா வரல."

ஒரு மாலை, குடையும் கையுமாக ஒரு டீச்சர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் மன உறுதியுள்ளவள்போல் நிமிர்ந்து நின்றாள்.

"வாங்கம்மா! கதவு திறக்காது, இப்படியே பேசலாம். இது என் வீடுதான்."

"தெரியுங்க," என்றாள் மெல்ல. "நீங்க... இங்கயேதான் இருக்கீங்களா?"

"வேற எங்கம்மா போறது? மகள் வீட்டுல எனக்கு இடமில்ல."

டீச்சரின் கண் கலங்கியது. ஓவர்சியருக்கும் குரல் தழுதழுத்தது. இத்தனை நாளில் யாரும் அவரிடம் இவ்வளவு பரிவாகப் பேசியதில்லை.

"உங்களுக்கு என்ன குறைன்னு சொல்லுங்க. என்னால முடிஞ்சா செய்யறேன்."

"ஒரே குறைதாம்மா. இந்த வீட்டுக்கு நல்லதா ஒரு குடும்பம் வந்துட்டா என் மனசு ஆறிடும். அப்புறம் நான் ஏன் இங்க உக்காந்திருக்கப் போறேன்? போய்ச் சேந்துடுவேன்."

"வந்தவங்களைத் தொந்தரவு பண்ண மாட்டீங்களே?"

"சேச்சே! குழாய் ஒழுகினா, விளக்கு எரியலைன்னா மட்டும் வருவேன். நீங்க கூப்பிடக்கூட வேணாம், மனசுல நினைச்சாப் போதும், வந்து நிப்பேன்!"

நல்ல வீட்டுக்காரர் இப்படித்தான் பேசவேண்டும் என்று மச்சான் சொல்லிக்கொடுத்திருந்தார். டீச்சர் குடையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுல யோசிச்சுச் சொல்றேங்க," என்று திரும்பியவள், தெருவைக் கடக்கும்போது ஓட்டமும் நடையுமாகிவிட்டாள்.

ஓவர்சியருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாடகை எவ்வளவு என்றுகூட அவள் கேட்கவில்லையே? ஜன்னல் கம்பியில் காதை வைத்துக் கேட்டார். மழை சற்று ஓய்ந்திருந்தது. எதிர்ப்பக்கம் இஸ்திரிக்காரர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் முன்னாடியே சொன்னேனே டீச்சர்," என்றார் அவர். "வீட்டுல ஒரு குறையும் இல்ல. செத்துப்போனவர்தான் இன்னும் காலி பண்ண மாட்டேங்கறார்."