பாட்டனாரின் பாவாடை

துவைக்கும் இயந்திரத்தைத் திறந்த யாக்கோபு இரண்டு தரம் உள்ளே எட்டிப் பார்த்தான். உள்ளே போட்டது வீட்டு முதலாளி சிஞ்ஞோர் டங்கனின் கம்பளிப் பாவாடை. வெளியே வந்ததை ஐந்து வயதுப் பிள்ளைக்குத்தான் கட்டலாம்.

"மடு மாதாவே!"

சுடுதண்ணீரில் போட்டால் எதுவும் பளிச்சென்றாகும் என்பதே அவனறிந்த சலவைச் சாத்திரம். மன்னார் வெயிலில் கம்பளியை அவன் எங்கே கண்டான்?

அன்று மாலை லிபெர்த்தா வீதியிலுள்ள இதே வீட்டில் கெய்லி. பலெர்மோவிலுள்ள ஸ்கொட்லாந்து, அயர்லாந்துக்காரர் எல்லோரும் கூடி, வயலின் வாசித்து, பாடி, தரை அதிர ஆடுவார்கள். ஆண்களும் கட்டம்போட்ட பாவாடை கட்டுவார்கள். குலத்துக்குக் குலம் கட்டம் வேறு.

"இது என் பாட்டனாருடையது. ஏதாவது ஆனால் உனக்கு வேலை இல்லை" என்று சொல்லித்தான் கிழவர் துவைக்கக் கொடுத்திருந்தார். வேலை போனால் இத்தாலியில் தங்கும் அனுமதியான பெர்மெஸ்ஸோவும் புதுப்பிக்க முடியாது.

போனில் அழைத்ததும் பக்கத்துத் தெருவில் வேலை செய்யும் மனைவி அருள்நாயகி ஓடி வந்தாள்.

"ஈரத்தோடை இழுத்தா நீளும். அந்தத் தொங்கலைப் பிடியுங்கோ."

இழுத்தார்கள். பாட்டனாரின் சொத்து இரண்டாகப் பாகம் பிரிந்தது.

"முடிஞ்சுது! இனி நாங்கள் ஊருக்குத்தான்."

"கத்தாதேங்கோ. அல்பெர்கேரியாத் தமிழ்க் கடையிலை வாங்கின புதுச் சாரம் கிடக்கெல்லோ? அதுவும் கட்டந்தானே."

"விசரி, அது வீட்டிலை கட்டுற சாரமடி!"

"கிழவர் நாலு பேருக்கு முன்னாலை கண்ணாடி போடமாட்டார். நான் மடிப்பு வைச்சுத் தைச்சுத் தாறன்."

மாலையில் அதைக் கட்டிக்கொண்ட டங்கன், "இன்று உடம்பே லேசாக இருக்கிறது!" என்று துள்ளினார். கம்பளி என்றால் அடங்கிக் கிடக்கும். பருத்தி கிடக்குமா? ஒவ்வொரு சுற்றுக்கும் குடையாய் விரிந்தது. உள்ளே எதுவும் அணியாமலிருப்பது அவர்கள் வழக்கம். சிஞ்ஞோராப் பெண்கள் வாயைப் பொத்தினார்கள், கண்ணைப் பொத்தவில்லை. யாக்கோபு தட்டால் தன் முகத்தை மறைத்துக்கொண்டான்.

அப்போதுதான் பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து புது விருந்தாளி ஹேமிஷ் வந்தார். பின்னால் அவர் வீட்டு வேலைக்காரி செலஸ்ரீனா, கேக்கோடு. ஹேமிஷ் டங்கனின் இடுப்பைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். வயலின் நின்றது. யாக்கோபுவின் உயிரும் கொஞ்சம் நின்றது.

ஹேமிஷ் குனிந்து தன் பாவாடையைப் பார்த்தார். அதே பச்சை, அதே சிவப்பு, அதே கட்டம்.

"நீயும் எங்கள் குலமா!"

இரண்டு கிழவர்களும் கட்டிப்பிடித்து அழுதார்கள். சபையே கண்ணைத் துடைத்தது.

"யாக்கோபு! இனி இதை உன்னைத் தவிர யாரும் துவைக்கக்கூடாது!" என்றார் டங்கன்.

ஒன்றும் விளங்காமல் குசினிக்குள் வந்து விழுந்தவனின் காதருகே செலஸ்ரீனா குனிந்தாள்.

"அண்ணை, நீங்களும் சுடுதண்ணியிலையே போட்டனியள்?"