குளிர் புகாத மோட்டார் சைக்கிள்

சுவிஸ் குளிர் தன்மீது தனிப்பட்ட பகை வைத்துத்தான் மலையிறங்கி வருகிறது என்று நம்பிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் கம்பளி அண்ணை.

எண்பதுகளில் நாங்கள் லுசேர்ணில் ஒரு ஹோட்டலின் சமையலறையில் கோப்பை கழுவினோம். நான், துரை, கம்பளி அண்ணை மூவருக்கும் மேல்மாடியில் ஒரே அறை. அண்ணையின் சொந்தப் பெயரைப் பொலிஸ்காரரும் சம்பளம் எழுதுகிற அம்மாவும் மட்டும்தான் சொல்லுவார்கள். எந்நேரமும் தோளில் கிடந்த தவிட்டு நிறக் கம்பளிதான் அவருக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது.

ஆடி மாதத்திலும் அவர் குரங்குத் தொப்பி போடாமல் ஏரிக்கரைக்கு வரமாட்டார். வெள்ளைக்காரர்கள் அரைக்காற்சட்டையோடு ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு போக, எங்களோடு ஒருவர் மார்கழிக் கோலத்தில் நடந்து வருவார். நான் நாலடி முன்னுக்கு நடந்து, ஆளைத் தெரியாதமாதிரிக் காட்டிக்கொள்வேன். அவர் விடமாட்டார். "டேய் தம்பி, காதை மூடு! குளிர் காதாலைதான் பூரும்!" என்று தெருவெல்லாம் கேட்கக் கத்துவார். தன் இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்ததால் அவருடைய சத்தம் அவருக்கே கேட்பதில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் செஃப் தன் மோட்டார் சைக்கிளை ஒப்படைத்தார். செஃப் குளிர்காலத்தில் எங்கடின் என்ற மலைப்பக்கம் ஒரு ஹோட்டலுக்குச் சமைக்கப் போய்விடுவார். பனி கரையத்தான் திரும்பி வருவார். அதுவரை வண்டி எங்கள் நிலவறையில் நிற்கும். "பற்றறியைக் கழற்றிச் சூடான இடத்தில் வை. வண்டியை மூடி வை" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

அண்ணை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பற்றறி எங்கள் அறைக்கு வந்தது. துவாயால் சுற்றப்பட்டு, சாமிப்படத்துக்குக் கீழே ஹீற்றர் பக்கத்தில் அமர்ந்தது. அவர் விபூதி பூசும்போது அதற்கும் ஒரு கீற்றுக் கிடைத்தது. வண்டிக்கு உருளைக்கிழங்குச் சாக்கு, பழைய யன்னல் திரை, மேசைவிரிப்பு எல்லாம் போர்த்து, புதுப்பொம்பிளை மாதிரி மூடிவைத்தார்.

அந்தக் கிழமைதான் துரையின் சாரம் காணாமல் போனது.

ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் துரையின் அக்கா கொடுத்துவிட்ட சாரம் அது. பச்சைக் கட்டம் போட்ட கைலி. வருசப்பிறப்புக்கு உடுக்கவேண்டும் என்று, கஞ்சி போக ஒருக்கால் அலசி, நிலவறைக் கொடியில் காயப்போட்டிருந்தான். எனக்கு நாக்கில் சனி. "உந்தக் கலர் எனக்குத்தான் எடுப்பு. கவனம் துரை, ஒருநாளைக்கு இடுப்பு மாறும்" என்று பகிடி விட்டிருந்தேன். அடுத்தநாள் கொடியில் சாரம் இல்லை.

துரை அறை அதிரக் கத்தினான். "எடுத்தவன் நாசமாய்ப் போவான்!" என்றான். பேர் சொல்லவில்லை. ஆனால் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது.

அதன்பிறகு நான் அறைக்குள் வந்தால் அவன் பெட்டியைப் பூட்டுவான். குளிக்கப் போனால் சவர்க்காரத்தைக் கையோடு கொண்டுபோவான். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் ஸ்டேஷனில் எங்கள் பொடியள் கூடிக் கதைப்பது வழக்கம். நான் கிட்டப் போனால் கதை நின்றுவிடும். அகதி என்ற பேரோடு எப்படியும் சீவிக்கலாம். சாரக்கள்ளன் என்ற பேரோடு எப்படிச் சீவிப்பது? வெட்கத்தில் நான் ஸ்டேஷனுக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் அண்ணைக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்றும் நினைத்தேன். ஒருவரையும் தொடக்கூட விடாத அந்தக் கம்பளியை எடுத்து எனக்குப் போர்த்துவிடத் தொடங்கினார். "உங்களுக்கு, அண்ணை?" என்று கேட்டால், "எனக்கு வேர்க்குதடா" என்பார். பல்லு கிடுகிடுவென்று அடிக்கும். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவார்.

பனி கரைந்தது. சொன்ன நாளுக்கு முன்னரே செஃப் வந்து இறங்கினார். வண்டியைச் சமையலறை முற்றத்துக்கு உருட்டிவந்து பற்றறியைப் பூட்டினார். துவாயில் இருந்த விபூதியை உதறிவிட்டார். உதைத்தார். வண்டி ஒருமுறை இருமி அடங்கியது. பழைய பெற்றோலை வடித்துப் புதிதாக ஊற்றினார். உதைத்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்து, பொறி வருகிறதா என்று பார்த்தார். நன்றாகவே வந்தது. மறுபடியும் உதைத்தார். கடைசியில் நானும் துரையும் தெருவில் தள்ளிக்கொண்டு ஓடினோம். முகத்தை வெவ்வேறு பக்கம் வைத்துக்கொண்டு ஒரே வண்டியைத் தள்ளினோம். எஞ்சின் கிளம்பவில்லை.

அண்ணை மட்டும் கிட்ட வரவில்லை. குரங்குத் தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு குப்பைவாளிப் பக்கம் நின்றார்.

செஃப் நெற்றி வேர்வையைத் துடைத்தார். எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதைவிட வேறு வழியில்லை என்று சொல்லி, ஸ்பானரை எடுத்தார்.

"வேண்டாம்!" என்று தமிழில் ஒரு அலறல் கேட்டது. அண்ணை சமையலறைக்குள் ஓடி, ஸ்பகெற்றி அள்ளுகிற இடுக்கியோடு வந்தார். வண்டிக்குப் பின்னால் குந்தியிருந்து சைலன்சர் குழாய்க்குள் இடுக்கியை விட்டு இழுத்தார். கறுப்பாக ஒரு துணி வந்தது. வந்துகொண்டே இருந்தது. முழுவதும் வந்தபிறகு, கரிக்கு நடுவில் பச்சைக் கட்டம் தெரிந்தது.

"அது என்ரை சாரமெல்லோ!" என்று கத்திய துரை, அப்போதும் என்னைத்தான் பார்த்தான். "நீ ஏன்ரா அதை உதுக்குள்ளை ஒளிச்சு வைச்சனி?"

"அவனில்லை, நான்" என்றார் அண்ணை. தலை நிமிரவில்லை. "மிஷினுக்கும் காதை அடைக்கத்தானே வேணும். அந்த நிலவறை லைற்று தானாய் நூந்து போச்சு. இருட்டுக்கை கைக்கு எட்டினதை அடைச்சுப்போட்டன். மேலை வந்தால் நீ நாசமாய்ப் போவான் எண்டு கத்துறாய். போய் இழுத்துப் பார்த்தன், ஒரே கரி. பிறகு... வெக்கமாய்ப் போச்சடா."

என்ன சொல்கிறார் என்று செஃப் என்னைக் கேட்டார். சட்டி, கத்தி, கவனம் என்பதற்கு அப்பால் போகாத என் டொச் மொழியில், மோட்டார் சைக்கிளுக்குக் காது இருக்கிறது, அதில் குளிர் போகக்கூடாது என்று விளக்கினேன். நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. செஃப் சிரிக்கவில்லை. தாங்களும் எலி போகாமல் இருக்கக் குழாயில் துணி வைப்பதுண்டு என்றார். ஆனால் எடுத்துவிட்டுத்தான் உதைப்போம் என்றார். பிறகு உதைத்தார். வண்டி முற்றமே அதிர உறுமியது.

அன்று மாலை என் கட்டிலில் ஒரு புதுச் சவர்க்காரக் கட்டி இருந்தது. துரை மன்னிப்புக் கேட்கும் விதம் அது. ஞாயிற்றுக்கிழமை அவனே என்னைக் கையில் பிடித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டுபோய், சாரக் கதையை எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தான்.

அண்ணை சிரிக்கவில்லை, அன்றிரவு எங்களோடு சாப்பிடவும் வரவில்லை. நான் சாப்பாட்டுக் கோப்பையோடு அவரைத் தேடிப் போனேன். நிலவறைப் படியில் இருந்தார். எனக்குக் கோபம் தீரவில்லை.

"ஒரு குளிர்காலம் முழுக்க என்னைக் கள்ளனாக்கிப் போட்டியளே அண்ணை. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் ஒவ்வொரு நாளும் உன்ரை கட்டிலடிக்கு வந்தனான்" என்றார். "வாய் வரேல்லை. அதுதான் போர்த்துப்போட்டுப் போய்ப் படுத்தனான்."

இப்போது என் வீட்டில் எல்லா அறையிலும் ஹீற்றர் இருக்கிறது. இருந்தும் அந்தக் குளிர்காலத்தில் அண்ணை வைத்திருந்த மாதிரி ஒருவரும் என்னைச் சூடாக வைத்திருக்கவில்லை.