கும்மிடிப்பூண்டியில் கை நனைந்த விவரம்

பெரியபாளையம்,
வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

மதிப்புக்குரிய மச்சான் ஆதிகேசவன் அவர்களுக்கு, உங்கள் தங்கை பச்சையம்மாவின் புருஷன் துலுக்காணம் வணங்கி எழுதுவது. பவானியம்மன் கண் பார்த்ததில் இங்கே உங்கள் தங்கையும், எங்களோடு தங்கி கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு வேலைக்குப் போய்வரும் உங்கள் மகள் ஹேமாவதியும் சௌக்கியம். நான் மட்டும் நாக்கு வெந்து, வயிறு நிறைந்து, மானம் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஓசூரில் நீங்களும் உங்கள் மகன் குடும்பமும் நலமாக இருப்பீர்கள், இதைப் படித்து முடிக்கும் வரையாவது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவீர்கள். காகிதத்தைப் பார்த்துக் கத்தினால் எனக்குக் கேட்காது. பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து படிக்கவும்.

ஹேமாவுக்கு வந்திருக்கும் கும்மிடிப்பூண்டி வரன் விஷயமாக, கலியன் என்பவர் மகன் ஆகாஷ் எப்படிப்பட்டவன், குடும்பம் எப்படி என்று ரகசியமாக விசாரித்து வரச் சொன்னீர்கள். கூடவே எச்சரித்தீர்கள்: "மாப்ளே, தப்பித் தவறி அவங்க ஊட்ல கை நனைச்சிராதீங்க. ஒரு வாய் துன்னாக்கூட பொண்ணு குடுக்க சம்மதம்னு ஆயிடும். அப்பால பின்வாங்கினா நம்ம மானம்தான் போவும். பச்சத் தண்ணிகூட ஓட்டல்ல குடிங்க." மச்சான், உங்கள் வார்த்தையை நான் ஒரு எழுத்துகூட மீறவில்லை. தண்ணீர்கூட ஓட்டலில்தான் குடித்தேன். வினையே அங்கேதான் வந்தது.

காலையில் பஸ் பிடித்து கும்மிடிப்பூண்டியில் இறங்கினேன். ஓட்டலில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டே கல்லாக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் ஊர்ச் சங்கதி தானாக வந்து விழும். நம் பக்கத்தில் பையனை விசாரிக்கும் முறையே அதுதானே. ரோட்டு மேலேயே பெரிய ஓட்டல், கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. போய் உட்கார்ந்து பார்க்கிறேன், கல்லாவே இல்லை! கல்லா இல்லாத ஓட்டலில் யாரைப் போய் விசாரிப்பது? மேஜையில் கட்டம் கட்டமாக ஒரு சதுரம் ஒட்டியிருந்தது. அதைப் போனில் பிடித்தால்தான் இட்லி வருமாம். பிடித்தேன். அது என் பேரைக் கேட்டது, பிறந்தநாள் கேட்டது, கல்யாண நாள் கேட்டது. நான் விசாரிக்கப் போனவன், என்னையே உட்கார வைத்து விசாரித்துவிட்டது. கல்யாண நாள் எனக்கு மறந்துவிட்டதால் உங்கள் தங்கைக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவள் இன்னா ஏதுன்னு கேட்காமல் என்னைத் திட்டிய திட்டில் அந்த ஏசியிலும் எனக்கு வேர்த்துவிட்டது.

கடைசியில் இட்லி வந்தது. மச்சான், அதை எப்படி எழுதுவேன்! இட்லியை நான்காக வெட்டி, சிவப்பாக எதையோ பூசி, கம்பியில் குத்தி, நெருப்பில் வாட்டிக் கொண்டுவந்து வைத்தான். ரோலிங் மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். கம்பி நெருப்பில் போவதை ஆயுசு முழுக்கப் பார்த்திருக்கிறேன். அதில் இட்லி போய்ப் பார்த்ததில்லை.

"தம்பி, இது இன்னா?"

"தந்தூரி இட்லி சார். நீங்கதான் ஆர்டர் போட்டீங்கோ."

"நான் எங்கப்பா போட்டேன்? போன்தான் போட்டுச்சு. சட்னி எங்க?"

"மயோனைஸ் கீது சார்."

ஒரு துண்டைக் கடித்தேன், மீதியை அப்படியே வைத்தேன். வெளியே வந்ததும் போன் மறுபடி அலறியது. ருசிக்கு எத்தனை ஸ்டார் போடுவீர்கள் என்று கேட்கிறது! போனை மஞ்சள் பைக்குள் போட்டு அமுக்கினேன்.

அடுத்ததாக, பைபாஸ் ஓரம் ஆந்திரா மீல்ஸ். இங்கே கல்லா இருந்தது, கல்லாவில் ஆளும் இருந்தார். அப்பாடா என்று உட்கார்ந்தேன். சோறு வைத்து, அதன் தலையில் ஏதோ சிவப்புப் பொடியைக் கொட்டி, நெய்யை ஊற்றிவிட்டுப் போனார்கள். காலையிலிருந்து பட்டினி. பெரிய கவளமாகப் பிசைந்து வாயில் போட்டேன். அடுத்த நிமிஷம் எனக்குக் காது கேட்கவில்லை, மச்சான். கண்ணில் தண்ணீர் அருவியாகக் கொட்டுகிறது, மூக்கு ஒழுகுகிறது. சோற்றை விட்டு எழுந்தேன். ஆனாலும் வந்த காரியம் முக்கியம் அல்லவா? காசைக் கொடுத்தபடியே கல்லாக்காரரிடம், "ஐயா... கலியன் மகன்... ஆகாஷ்..." என்றேன். அதற்குமேல் தொண்டை அடைத்துக்கொண்டது. விக்கி விக்கி அழுகை மாதிரியே வருகிறது.

கல்லாக்காரர் பதறி எழுந்துவிட்டார். "ஐயோ நைனா! ஆகாஷுக்கு இன்னா ஆச்சு? நேத்துகூட வண்டியில போய்க்கினு இருந்தானே!"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு, நெஞ்சில் கை வைத்து, "இல்லையா!" என்று உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் குடித்துத் தெளிந்து விஷயத்தைச் சொல்வதற்குள் அவர் யாருக்கோ போன் போட்டுவிட்டார். "வெள்ளைச் சட்டை, மஞ்சப் பை வெச்சிக்கினு ஒரு பெரியவரு வந்து உன் பையன் பேரைச் சொல்லி அழுவுறாரு" என்று அவர் சொன்னது என் காதில் அரைகுறையாக விழுந்தது. ரகசிய விசாரணை போன லட்சணம் இதுதான். நான் தலைதெறிக்க வெளியே வந்து, நின்ற ஆட்டோவில் ஏறினேன்.

ஆட்டோக்காரர் பேர் எட்வர்ட். நல்ல மனுஷன். என் முகத்தைப் பார்த்ததுமே, "ஆந்திரா மீல்ஸா பெரியவரே? வாயைத் தொறந்தே வெச்சிக்கங்க, காத்துப் படட்டும்" என்றார். எனக்கு இன்றைக்கு மனுஷன் சாப்பிடுகிற சோறு எங்கேயாவது கிடைக்குமா என்று கேட்டேன். "போர்டு இல்லாத மெஸ் ஒண்ணு கீது. கம்பெனி ஆளுங்க எல்லாம் அங்கதான். துன்னுட்டு வந்து எனக்கு சொல்லுங்க" என்று சிப்காட் பின்னால் ஒரு சந்தில் கொண்டுபோய் இறக்கினார். ஒரு வீட்டின் முன் கூடத்தில் இரண்டு மேஜை, நாலு பெஞ்சு. வாசலிலேயே கை கழுவக் குழாய். பந்தி ஓய்ந்திருந்தது.

கைலி கட்டிய ஒரு பையன் என்னையும் என் மஞ்சள் பையையும் ஒரு பார்வை பார்த்தான். உள்ளே திரும்பி, "யம்மா, வந்துட்டாரு. காரம் துன்னுட்டு வந்துகீறாரு, மொதல்ல மோரு குடு" என்றான். எனக்குக் காரம் ஏறியது அவனுக்கு எப்படித் தெரியும் என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிற இடத்திலா என் நாக்கு இருந்தது?

இலை போட்டான். முருங்கைக்கீரைப் பொரியல், கத்தரிக்காய் கூட்டு, சின்ன வெங்காய சாம்பார், மிளகு ரசம். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. உங்கள் தங்கை கையால் இவ்வளவு வருஷம் சாப்பிட்டவன் இதை எழுதுவது தப்புதான், இந்தப் பத்தியை அவளிடம் காட்ட வேண்டாம். வயிறு குளிர்ந்ததும் கடமை ஞாபகம் வந்து, அந்தப் பையனிடமே மெல்ல ஆரம்பித்தேன்.

"தம்பி, இந்தப் பக்கம் கலியன் மகன் ஆகாஷ்னு ஒருத்தன். உனக்குப் பழக்கமா?"

"சின்ன வயசுலேர்ந்து பாத்துக்கினுகீறேன் பெரியவரே."

"ஆளு எப்படி?"

கரண்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். "வேலைக்கு ஒழுங்காப் போவான். வெள்ளிக்கிழமை லீவுல தூங்கினே இருப்பான், அம்மா தண்ணி தெளிச்சாத்தான் எந்திரிப்பான். கோவம் வரும், உடனே போயிடும். குடி கெடயாது. டப்பு கையில நிக்காது, யாரு கேட்டாலும் குடுத்துருவான். அது ஒண்ணுதான் பேஜாரு."

"பொண்ணு குடுக்கலாமா?"

"அத அந்தப் பொண்ணைக் கேட்டா நல்லாருக்கும்" என்று சொல்லி இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினான்.

எவ்வளவு நியாயமான பையன், சாட்சி சொன்னால் இப்படிச் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். சேமியா பாயசம் வந்தது. மெஸ்ஸில் பாயசமெல்லாம் போடுகிறார்களே என்று இரண்டு தம்ளர் குடித்தேன். இலையை என் பக்கமாக, உறவு வளரட்டும் என்கிற மாதிரி அழகாக மடித்தேன். எழுந்து கை கழுவிக்கொண்டு, எவ்வளவு என்று கேட்டேன்.

உள்ளேயிருந்து ஒரு அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார், பேர் ஜானகியம்மாள் என்று பிறகு தெரிந்தது. பின்னாலேயே ஒரு பெரியவர், கையில் போனுடன்.

"இன்னா அண்ணே, பொண்ணு ஊட்டுக்காரங்க கிட்ட டப்பு வாங்கிக்கினு சோறு போட்டா ஊரு இன்னா பேசும்?" என்றார் அந்த அம்மா.

"நான்தான் கலியன். மீல்ஸ் கடைக்காரரு போன்ல சொன்னப்பவே, விசாரிக்க வந்த பொண்ணு ஊட்டுக்காரருன்னு புரிஞ்சிக்கினோம். ஆகாஷுக்கு ஒண்ணும் ஆவல, நீங்க அழுவாதீங்க" என்றார் பெரியவர். கரண்டியோடு நின்ற பையனைக் காட்டி, "அதோ கீறான் பாருங்க" என்றார்.

மச்சான், எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தரகர் தந்த போட்டோவில் கோட்டு போட்டு, முகத்தை வெள்ளைக்காரன் மாதிரி வெளுத்து வைத்திருந்தார்கள். கைலியில் நிற்கிறவனை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? பையனின் அம்மா மெஸ் நடத்துகிற விஷயத்தைத் தரகர் வாயே திறக்கவில்லை. காசை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். தம்ளர் அடியில் வைத்துவிட்டு எட்வர்டின் ஆட்டோவுக்கு ஓடினேன். ஆகாஷ் துரத்தி வந்து ஆட்டோவுக்குள் காசைப் போட்டுவிட்டுக் கும்பிட்டான்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் நியாயப்படி பார்த்தால் இது செல்லாது என்பது என் கட்சி. நான் தெரிந்து சாப்பிடவில்லை. போர்டு இல்லை. கை கழுவிய குழாய் வாசலில் இருந்தது, ஆகவே கை நனைந்தது தெருவில், வீட்டில் அல்ல. என்றாலும் ஒரு சிக்கல். காசு கொடுத்தால் அது ஓட்டல், கொடுக்காவிட்டால் வீடு. அவர்கள் வாங்கவில்லை. ஆகவே நாளைக்கே திரும்பப் போய்க் காசை எப்படியாவது கொடுத்து, அந்தச் சாப்பாட்டை ஓட்டல் சாப்பாடாக ஆக்கிவிட்டு வருகிறேன். வரன் வேண்டாம் என்று நீங்கள் சொல்ல வழி திறந்திருக்கும். இதுவரை வந்தவர்களில் ஒருவன் குட்டை, ஒருவனுக்கு வாடகை வீடு, ஒருவன் தும்மிய விதம் உங்களுக்குப் பிடிக்கவில்லை. இவனுக்கும் ஏதாவது கிடைக்கும். ஹேமாவை மட்டும் நாம் யாரும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, நானும் சேர்த்துத்தான்.

பவானியம்மன் உங்களுக்கு நிதானத்தையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். முதலாவது சற்றுச் சீக்கிரம் தரட்டும். பேரக்குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள்.

உங்கள் அன்புள்ள,
துலுக்காணம்

பின்குறிப்பு (சனிக்கிழமை): கடிதத்தை ஒட்டுவதற்குள் காரியம் நடந்துவிட்டதால் இதைச் சேர்க்கிறேன். மேலே எழுதியதை மறந்துவிடவும்.

இன்றைக்குக் காசோடு கிளம்பினேன். "ஒரு வேளை சோத்துக்கு மானத்தைக் குடுத்துட்டு வந்த மனுஷனைத் தனியா அனுப்ப முடியாது" என்று உங்கள் தங்கையும் பஸ் ஏறினாள். ஹேமாவுக்குக் காலை ஷிப்ட். முடிந்ததும் எங்களோடு திரும்பலாம் என்று அவளும் கம்பெனியிலிருந்து நேராக மெஸ்ஸுக்கே வந்தாள். காசைக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்புவதாகத்தான் பேச்சு. பழவேற்காட்டு இறால் தொக்கு என்றார்கள். இதற்குமேல் நான் என்ன எழுத. உங்கள் தங்கை என்னை முறைத்துக்கொண்டே இரண்டாம் முறை சோறு வாங்கினாள்.

ஹேமாவைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆகாஷ் ஷிப்டுக்குப் புறப்படும் அவசரத்தில் பரிமாறினான். "தொக்குல உப்பு இல்லீங்க" என்றாள் அவனிடம் நேராக. "நான்தான் போட வேண்டியது. லேட்டா எந்திரிச்சேன், மறந்துட்டேன்" என்றான். அவள் சிரித்தாள், மச்சான். வாயில் சோற்றோடு, புரையேறும்படி சிரித்தாள். நம் வீட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்து போகிற பெண் அவள்.

சாப்பிட்டதும் நேற்றைய இலைக்கும் இன்றைய மூன்று இலைக்கும் சேர்த்துக் காசை வைத்தேன். ஜானகியம்மாள் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டார்! எடுத்து, மீதியும் கொடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாம்மா, வாங்கிக்கினீங்க?" என்று கேட்டே விட்டேன்.

"உங்க மனசு அடிச்சிக்கினு கெடக்குதுன்னு தெரியுது அண்ணே. சோத்தைப் போட்டு யாரையும் கட்டிப் போடக் கூடாது. நீங்க ஓட்டல்ல துன்னதாவே இருக்கட்டும்" என்றார்.

கேட்டது கிடைத்துவிட்டது. நாம் விடுதலை. பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது, இந்த முறை மிளகாய்ப் பொடி இல்லாமல். பேச்சை மாற்ற, "அந்த அம்மாவுக்குக் கணக்கு வரல போல. மீதி ஒரு சாப்பாட்டுக் காசு அதிகமாக் குடுத்துருக்குது" என்றேன்.

ஹேமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கணக்கு சரிதான் மாமா. என் எலைக்கு டப்பு வாங்க வாணாம்னு நான்தான் அவங்க கிட்ட சொன்னேன்."

உடனே புறப்பட்டு வாருங்கள், மச்சான். வழியில் எந்த ஓட்டலிலும் சாப்பிட வேண்டாம்.