காற்று போகிற பக்கம்

கேப்டன் துரை ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்துத் தூக்கிப் பிடித்தார். யோசித்தார். பிறகு, "டவுன்!" என்றார்.

முன்னால் உட்கார்ந்து குதிரைவண்டி ஓட்டிய பிச்சைமுத்துவும் அவசரமாகத் தன் விரலை நனைத்தான். அதற்குள் காற்று திரும்பிவிட்டது. பாவம், அவன் விரலுக்கு அது எப்படித் தெரியும்? குதிரையை இடப்பக்கம் திருப்பினான்.

"நோ! நோ!" என்று துரை கத்தினார்.

பிச்சைமுத்து வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. வேலை நிலைத்தால்தான் பெண் என்று வடிவம்மாளின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். வடிவம்மாளோ, "சீக்கிரம்லா!" என்று பார்க்கும்போதெல்லாம் அவசரப்படுத்தினாள்.

முன்பு இந்த வண்டியை ஓட்டியவர் கமால் அண்ணன். பினாங்கின் சூலியா தெருவில் சாப்பாட்டுக்கடை போடப் போனவர், தன் இடத்தில் இவனைச் சேர்த்துவிட்டுப் பாடமும் நடத்தினார்.

"தம்பி, துரை பொறந்தது கடலோரத்து ஊரு. அங்க இங்கிலீஷே வேற. வலது, இடதுன்னு பேச மாட்டாங்க. காத்து போற பக்கம் டவுன். காத்து வர்ற பக்கம் அப். வெளங்குச்சா?"

"எங்க போகணும்னு கேட்டுக்கிட்டா ஆச்சுலா, அண்ணே?"

"அடப்பாவி! வெளிய கெளம்புற மனுசனப் பாத்து எங்க போறீங்கன்னு கேப்பியா? போற காரியம் வெளங்குமா?"

விளங்காதுதான். பிச்சைமுத்து கேட்கவில்லை. காலையிலும் மாலையிலும் காற்று ஒழுங்காக ஒரே பக்கம் அடித்ததால் அலுவலகத்துக்குப் போய்வருவதில் சிக்கலும் இல்லை. இன்று பார்த்துத் துரை உச்சிவெயிலில், கையில் பூச்செண்டோடு மாப்பிள்ளை போல வண்டியேறிவிட்டார். கடற்காற்றோ தெருவுக்குத் தெரு புத்தி மாறியது.

விரல் சரிப்படாது என்று பிச்சைமுத்து சாட்டை நுனியில் கைக்குட்டையைக் கட்டினான். அது படபடவென்று அடித்ததும் குதிரை மிரண்டு, முச்சந்தியில் நிற்காமல் ஓடியது. கைக்குட்டையை அவிழ்த்து எறிந்தான்.

வழியில் குச்சியில் இறைச்சி கோத்துச் சாத்தே சுடுகிறவர் அடுப்பிலிருந்து புகை எழுந்தது. ஆஹா, புகை பொய் சொல்லாதே! புகை போன பக்கமே வண்டியை விட்டான். வெகுதூரம் போன பிறகுதான் அந்தச் சாத்தேக்காரர் கையில் விசிறி இருந்தது நினைவுக்கு வந்தது.

எதிரே ஊர்க்கோடியில் உள்ள தண்ணீர்மலை தெரிந்தது. துரை தலையில் கைவைத்துக்கொண்டார்.

"படகு! அக்கரைப் பட்டர்வொர்த்திலிருந்து என் மனைவி வந்து இறங்கியிருப்பாள்! பார்த்து ஒரு வருஷம் ஆயிற்று!"

படகுத்துறை நேர் எதிர்ப்பக்கம். பிச்சைமுத்து தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டி, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே, துரை?" என்று கேட்டான்.

"போகும் இடத்தைச் சொன்னால் காரியம் கெடும் என்றார்களே!"

துரைமாருக்கும் அந்த நம்பிக்கை உண்டா என்று பிச்சைமுத்து வியந்தான். வியப்பு நீடிக்கவில்லை.

"இறங்கியதும் உன் கணக்கை முடித்துவிடுகிறேன்" என்றார் துரை.

வடிவம்மாள் போச்சு! பிச்சைமுத்துவின் கை தளர்ந்தது, கடிவாளமும் தளர்ந்தது. குதிரை ஒருமுறை கனைத்துவிட்டுத் தானாகத் திரும்பி நடந்தது. யார் விரலையும் கேட்காமல், சூலியா தெருவில் தன் பழைய எசமான் கமால் அண்ணன் கடை வாசலில் போய் நின்றது.

உள்ளே துரைசாணி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். படகுத்துறையில் காத்துக் காத்துக் கால் கடுத்துப்போய், பழைய வண்டிக்காரர் கடையைத் தேடி ரிக்‌ஷா பிடித்து வந்தாராம். அவர் பார்த்த பார்வையில் துரையின் பூச்செண்டு வாடியது.

"கமால்! நாளை முதல் நீயே வா. இவன் வேண்டாம்" என்றார் துரை.

பிச்சைமுத்து பொலபொலவென்று அழுதுவிட்டான். "அண்ணே, நீங்க சொன்னபடிதானே ஓட்டினேன்? எம் பொழப்பே போச்சே!"

கமால் அண்ணன் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். துரையைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"அழாத தம்பி, உண்மைய நானே துரைகிட்ட சொல்லிடுறேன். அவருகிட்ட இந்த அப், டவுன பினாங்கு இங்கிலீஷுன்னு சொல்லி வச்சேன், உங்கிட்ட துரை ஊரு இங்கிலீஷுன்னு சொன்னேன்; எனக்குச் சோறு முன்னால இருந்தாத்தான் வலது எது, இடது எதுன்னு தெரியும்லா!"