ஒரு விரல் தள்ளி நிண்ட சாட்டிலைட்

இண்டைக்கு என்ரை வேலை ஒண்டே ஒண்டுதான். காத்துக்குத் திரும்பிப்போன டிஷ்ஷை நேராக்கிறது.

பின்னேரம் என்ரை மனுசி டிவியிலை வாறா. போன கிழமை படம்பிடிச்ச, ஒடியல் கூழ் காய்ச்சிற நிகழ்ச்சி. அவ டிவியிலை வாறது இதுதான் முதல்தடவை. கொக்குவில்லிலை இருக்கிற அவவின்ரை சொந்தமெல்லாம் எங்கடை ஹோலுக்கை வந்து இருக்கினம். படம் விழாட்டி என்ரை கதை கந்தல்.

டிஷ் பூட்டின தம்பிக்குப் போன் எடுத்தன்.

"அண்ணை, இண்டைக்கு வர ஏலாது. நீங்களே திருப்பிப் பாருங்கோ. ஆனா கவனம், மேலை சரியான நெருக்கம். இடம் காணாதெண்டு சாட்டிலைட்டுகளைக் கிட்டக்கிட்ட நிப்பாட்டி வைச்சிருக்கிறாங்கள். ஒரு விரல் தள்ளினாலும் பக்கத்து சாட்டிலைட்டுக்குப் போயிடுவியள்."

இதை நான் மனுசிக்கு விளங்கப்படுத்தினன். "ஒரே இடத்திலை ரெண்டு மூண்டைக்கூட நிப்பாட்டி, அலைவரிசையைப் பங்குபோட்டுப் பாவிக்கிறாங்களாம்."

"முதல்லை கூரையிலை ஏறுங்கோ" எண்டா.

படம் வந்தாச் சொல்லுற பொறுப்பை மனுசியைப் பெத்த மாமியிட்டைக் குடுத்திட்டு ஏறினன்.

"மாமி, வந்திட்டுதோ?"

இன்னும் கொஞ்சம் திருப்பினன்.

"ஓம், ஓம். இப்ப வடிவாத் தெரியுது. அப்பிடியே பிடி, அசைக்காதை!"

எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோச்சு. கலியாணம் கட்டின நாளிலையிருந்து மாமி என்னை "வாங்கோ, இருங்கோ" எண்டுதான் கதைக்கிறவ. இண்டைக்குத்தான் பெத்த பிள்ளையிட்டைச் சொல்லுறமாதிரி "பிடி" எண்டிருக்கிறா. கலங்கின கண்ணோடையே நட்டை இறுக்கினன். இறுக்கியும் மனம் கேக்கேல்லை. மாமி சொன்னதுக்காக டிஷ்ஷைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கனநேரம் நிண்டன்.

இறங்கிவந்து பாத்தா, டிவியிலை விளங்காத பாஷையிலை ஒருத்தர் கம்பளம் விக்கிறார். பாக்கத்தான் ஆளில்லை.

சனம் முழுக்க மாமியின்ரை போனைச் சுத்தி நிக்குது. லண்டனிலை இருக்கிற மாமியின்ரை தங்கச்சி, அங்கை தன்ரை டிவிக்கு முன்னாலை போனைப் பிடிச்சு எல்லாருக்கும் நிகழ்ச்சியைக் காட்டிக்கொண்டிருக்கிறா. "பிடி, அசைக்காதை" எல்லாம் அவவுக்குச் சொன்னது.

உள்ளங்கையளவு படத்துக்கு முன்னாலை அத்தனை தலையும் ஒண்டோடை ஒண்டு முட்டாமல் நிக்குது. சாட்டிலைட் விடுறவங்கள் எங்கடை வீட்டுக்கு வந்து பழகவேணும். நானும் ஒரு மாதிரி என்ரை தலையை நுழைச்சன். நிகழ்ச்சி முடிஞ்சுது.

மனுசி முகமெல்லாம் சிரிப்போடை திரும்பினா. "எப்பிடி இருந்தது?"

"நல்ல வடிவு" எண்டன்.

"அப்ப சொல்லுங்கோ, நான் என்ன நிறச் சீலை கட்டியிருந்தனான்?"

கம்பளத்தின்ரை நிறத்தைச் சொன்னன்.