மணி ஆயாவின் இரண்டாவது ஜூன்

கடிகாரம் பார்க்கத் தெரியாத ஒருவர் கடிகாரத்தைத் திருத்த முடியுமா? எங்கள் மணி ஆயா திருத்துவார். சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் பின்தங்கினால், "இன்னா மிஸ்ஸு, இது தூங்கிகினு கீது?" என்பார். என் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். அவருடைய உண்மைப் பெயர் பள்ளியில் யாருக்கும் தெரியாது. கேட்டால், "அது இன்னாத்துக்கு இப்போ?" என்று துடைப்பத்தை எடுத்துவிடுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவின் கூடமும் இரண்டு அறைகளும்தான் பள்ளி. எனக்கு இருபத்திரண்டு வயது, எல்.கே.ஜி. வகுப்பு. டீச்சர் என்று பெயருக்கு நான் இருந்தேன். வகுப்பை நடத்தியவர் ஆயா.

ஜன்னலின் மூன்றாவது கம்பிக்கு வெயில் வந்தால் பாத்ரூம். முப்பது குழந்தைகளும் முன்னால் நிற்பவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ரயிலாகப் போக வேண்டும். ஐந்தாவது கம்பிக்கு வந்தால் கை கழுவி டிபன் டப்பா. நான் 'அ'வை எழுதி முடிக்காவிட்டாலும் ரயில் கிளம்பிவிடும். மழைநாளில் வெயிலே இருக்காது, ஆனால் ரயில் ஒரு நிமிடம் தவறாது.

"மழையில எப்படி ஆயா தெரியுது?"

"பசங்க மூஞ்சியப் பாத்தா தெரியாதா?"

மாதங்களுக்கும் அவரிடம் வேறு கணக்கு. மழை பிடித்துக்கொண்டால் அது ஜட்டி மாசம். வகுப்பின் குறுக்கே கயிறு கட்டி இருபது ஜட்டி காயும். ஒருமுறை பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி தலையைக் குனிந்து குனிந்து நடந்து, கடைசி வரிசை வரை வணங்கிக்கொண்டே போனார். டிசம்பர், மூக்கு மாசம். பிப்ரவரி, டான்ஸ் மாசம். ஏப்ரலில் எல்லாருக்கும் தூக்கம்.

ஜூன், அழுவற மாசம். அந்த ஒரு மாதம்தான் ஆயாவின் மடி குழந்தைகளுக்குக் கிடைக்கும். ஜூலை பிறந்தால், "மடி மூடியாச்சி, எய்ந்திரு" என்பார். ஜூனில் இன்னொன்றும் செய்வார். வாசலில் நின்று ஒவ்வொரு அம்மாவிடமும் ஏதாவது ஒரு பொருளைப் பிடுங்கிக்கொள்வார். கர்சீப், சாவிக்கொத்து, குடை. எல்லாம் வகுப்புச் சுவரில் வரிசையாக ஆணியில் தொங்கும். அழுகிற குழந்தையைத் தூக்கிக் காட்டி, "தோ பாரு, உங்கம்மா கொடை. இத வுட்டுட்டு எங்க போவும்? வந்து எடுத்துக்கும்" என்பார். குழந்தை விசும்பலை நிறுத்திக் குடையைக் காவல் காக்கும்.

ஜூலையில் எல்லாரும் பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். திவ்யாவின் அம்மா மட்டும் தன் தலை கிளிப்பை, "இருக்கட்டும் ஆயா, அவ தினமும் அதைப் பார்க்கிறா" என்று விட்டுவிட்டார். பழுப்பு நிறத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு கிளிப்.

நவம்பர் மழையில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை.

ஜனவரியில்தான் திவ்யா மறுபடி பள்ளிக்கு வந்தாள். அழவில்லை. நேராகப் போய் அந்த ஆணிக்குக் கீழே நின்றாள். ரயிலில் சேரவில்லை, டப்பாவைத் திறக்கவில்லை. கூப்பிட்டால், "அம்மா கிளிப் எடுக்க வருவாங்க" என்றாள். மூன்று நாள் இப்படியே போயிற்று.

"கிளிப்பைக் கழட்டி உள்ள வச்சிடுங்க ஆயா. ரெண்டு நாள்ல மறந்துடுவா" என்றார் தலைமை ஆசிரியை. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

ஆயா அசையவில்லை. "வந்து எடுத்துக்கும்னு சொன்னவ நானு. இப்ப கயட்டி ஒளிச்சா, கொயந்த என்ன இன்னான்னு நெனைக்கும்?"

அன்று பகல் திவ்யாவின் அப்பாவை வாசலில் நிறுத்தினார். "சார், அம்மாவப் பத்தி இன்னா சொல்லி வச்சிக்கீறே?"

"ஊருக்குப் போயிருக்கான்னு..."

"எப்ப வரும்னு கேட்டா?"

அவர் ஸ்கூட்டர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். கண் நிறைந்துவிட்டது. "எனக்குச் சொல்லத் தெரியல ஆயா."

"நீ பக்கத்துல குந்து. நான் சொல்றேன்."

மற்ற குழந்தைகள் போன பிறகு ஆயா கிளிப்பைக் கழற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஜூன் அல்லாத ஒரு மாதத்தில் முதல்முறையாக அந்த மடியில் ஒரு குழந்தையைப் பார்த்தேன்.

"கண்ணு, அம்மா வரும்னு ஆயா சொன்னேன்ல? அது தப்பாப் போச்சி. அம்மா செத்துப்போச்சி. இனிமே வராது. உங்கப்பா வரும், டெய்லி வரும்."

திவ்யா கிளிப்பைத் தொட்டாள். "கிளிப்புக்குக் கூட வரமாட்டாங்களா?"

"கிளிப்புக்குக் கூட வராது, கண்ணு."

அதன் பிறகுதான் அந்தக் குழந்தை அழுதது. அப்பா ஒரு பக்கம் அழுதார், நான் ஒரு பக்கம். ஆயா மட்டும் கண்ணைத் துடைக்காமல் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். கிளிப்பைத் திவ்யாவே வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

மறுநாள் காலை ஆயா அறிவித்தார்: "இந்தக் கொயந்தைக்கு இன்னிக்கித்தான் ஜூன் ஒண்ணாந்தேதி. யாரும் குறுக்க பேசக் கூடாது." திவ்யாவின் அப்பா கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி வாங்கி ஆணியில் மாட்டினார். அப்பா தினமும் காலையில் அதைக் கொடுத்துவிட்டு ஆபீஸ் போவார், பள்ளி விடும் பன்னிரண்டேகாலுக்கு அனுமதி வாங்கிக்கொண்டு ஓடி வருவார். கையில் கடிகாரம் இல்லாததால் வழியில் பார்க்கிறவரிடமெல்லாம் மணி கேட்டுக்கொண்டு வருவார் போலிருக்கிறது. ஒருநாள் மவுண்ட் ரோட்டில் ஊர்வலம், பத்து நிமிடம் தாமதம். பெரிய அதிகாரி, கம்பெனியில் நாற்பது பேர் அவருக்குக் கீழே. ஆயா அவரை வாசலில் நிற்க வைத்து, "இன்னா நைனா, நான் வெளையாடறனா இங்க?" என்று கேட்டதில் தலை நிமிரவில்லை.

அந்த நாட்களில் எங்கள் வகுப்பு சீரழிந்தது. வெயில் மூன்றாவது கம்பியைத் தாண்டி நான்காவதற்குப் போயிருக்கும், ஆயா திவ்யாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரயிலை நான் ஓட்டினேன், பாதி வழியில் தடம் புரண்டது. மழையே இல்லாத ஜனவரியில் கயிறு நிறைய ஜட்டி. தலைமை ஆசிரியை வந்து கயிற்றைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், தன் அறைக்குத் திரும்பிவிட்டார்.

பிப்ரவரி நடுவில் ஒருநாள், டான்ஸ் ஒத்திகைக்கு ஓடிய திவ்யா ஆணியைப் பார்க்க மறந்து போனாள். ஆயா என்னைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார். அடுத்த வாரம் அப்பாவிடம், "வாட்ச நீயே கட்டிக்கோ சார்" என்று சொல்லிவிட்டார்.

ஏப்ரலில் கடைசி நாள். அப்பா ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் திவ்யா பையை இழுத்துக்கொண்டு ஒரே ஓட்டம். வாசலில் நின்ற ஆயாவிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது.

ஆயாவோ முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தார். "பாத்தியா மிஸ்ஸு? திரும்பிக்கூடப் பாக்கல!"

சொல்லிவிட்டு, முப்பது சிலேட்டுகளையும் தரையில் பரப்பி ஈரத்துணியால் துடைக்க உட்கார்ந்தார். தன் வேலையில் யாரையும் கை வைக்க விடமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சிலேட்டை எடுத்தேன். என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, துணியை நடுவில் கிழித்துப் பாதியை என்னிடம் நீட்டினார்.